மிதிவண்டியின் பற்சக்கரத்தை வீட்டிலேயே மாற்றலாம்

தோட்டப்புற இல்லங்களில் மிதிவண்டி நெடுங்காலம் குடும்பத்தில் ஒருவரைப் போலவே மதிக்கப்பட்டு வந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்பவரை அது சுமந்தது. வாளியில் நிறைந்த பாலைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயுற்றோரை மருந்தகத்திற்கும் ஏற்றிச் சென்றது. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து நகர்ப்புறம் வந்தோருள் சிலர் தம் பழைய வண்டியையும் உடன் கொண்டு வந்துள்ளனர். வண்டி பழையதாகவே இருக்க, அது ஓடவேண்டிய நிலம் மட்டும் வேறாகிவிட்டது.

கேரித் தீவு, பந்திங், கிள்ளான் ஆகிய கடலோர வட்டாரங்கள் பெரும்பாலும் சமநிலமாகும். அங்கே செம்பனை வரிசைகளுக்கிடையே ஒரே சீராக மிதித்துச் செல்லலாம். கோலாலம்பூரின் நிலை வேறு. பிரிக்பீல்ட்ஸ் பகுதி கிள்ளான் ஆற்றையொட்டிய தாழ்நிலம். அதனை அடுத்துள்ள பங்சார், முன்னாளில் ரப்பர்த் தோட்டமாயிருந்த மேட்டுநிலம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிதே. ஆயினும் அச்சிறு தொலைவே காலுக்குப் பெருஞ்சோதனையாகிவிடுகிறது.

கேரித் தீவில் இருபது ஆண்டுகள் மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்று வந்த ஒருவர், இப்போது பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டு, பங்சார் மேட்டிலுள்ள ஒரு வீட்டிற்கு நாள்தோறும் வேலைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேடு தொடங்கியதும் அவர் எழுந்து நின்று மிதிக்கிறார். சற்றுத் தொலைவில் இறங்கித் தள்ளுகிறார். சில திங்களில் முழங்கால் நோகத் தொடங்குகிறது. தமக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து, வண்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு, தவணை முறையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கலாமா என்று எண்ணுகிறார். உண்மையில், அவருடைய வண்டியின் பின்சக்கரத்தில் நான்கு பற்கள் குறைவாயிருப்பதே அத்தொல்லையின் பெரும்பகுதிக்குக் காரணமாயிருக்கலாம். அக்குறையை வீட்டிலேயே நீக்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

பற்களின் கணக்கு

மிதிவண்டியில் இரு பற்சக்கரங்கள் உள்ளன. மிதியோடு சேர்ந்து சுழல்வது முன் பற்சக்கரம். பின்சக்கரத்தின் நடுவே இருப்பது பின் பற்சக்கரம். சங்கிலி இவ்விரண்டையும் இணைக்கிறது. முன்னதில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருந்தால், மிதி ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்துவரும் 2.44 சுற்றுகள் சுற்றுகிறது. 28 அங்குலப் பெரிய வண்டியின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். ஆகவே மிதியின் ஒரு சுற்றுக்கு அவ்வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் முன்னேறும்.

பின் பற்சக்கரத்தை மட்டும் மாற்றினால் இக்கணக்கு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கீழே காண்க.

18 பற்கள்: ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர்.
20 பற்கள்: ஒரு சுற்றுக்கு 4.8 மீட்டர்.
22 பற்கள்: ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர்.

பின்னால் பற்கள் கூடக்கூட, ஒரு சுற்றில் வண்டி செல்லும் தொலைவு குறைகிறது. அதே அளவில் மிதிப்பதற்கு வேண்டிய அழுத்தமும் குறைகிறது. கடப்பாரையால் பாறையை நெம்பியவர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. கடப்பாரையின் நீண்ட முனையைப் பிடித்தால் கை அதிகத் தொலைவு நகர வேண்டும். ஆனால் குறைந்த வலுவே போதும்.

எவ்வளவு இலகுவாகும்?

நூறு மீட்டர் தொலைவுக்கு ஐந்து மீட்டர் உயரும் ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். ஆள், வண்டி, சுமை யாவும் சேர்ந்து 100 கிலோ எனில், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை 5 கிலோ எடைக்குச் சமமாகும். டயரின் உராய்வு முதலியவற்றுக்கு இன்னும் ஒரு கிலோ சேர்த்தால் 6 கிலோ ஆகிறது. மிதித்தண்டின் நீளம் ஆறரை அங்குலம் எனில், ஒரு சுற்றில் கால் நகரும் தொலைவு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். இதன்படி, 18 பற்களுள்ள வண்டியில் கால் சராசரியாக 31 கிலோ அழுத்தத்தைத் தரவேண்டியுள்ளது; 22 பற்களுள்ள வண்டியில் 25 கிலோ போதும். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது அழுத்தம் பயன்படாதாகையால், இடைப்பட்ட நேரத்தில் முழங்கால் தாங்கும் சுமை இச்சராசரியைவிட மிகுதியானது. எனவே ஒவ்வொரு மிதிப்பிலும் ஆறு கிலோ குறைவது முழங்காலுக்குச் சிறிய உதவியன்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பற்சக்கரம் நமக்குப் புதிய வலுவைத் தருவதில்லை. 400 மீட்டர் நீளமுள்ள அம்மேட்டில் ஏற, 18 பற்களுடன் 74 சுற்றுகள் மிதிக்க வேண்டும். 22 பற்களுடன் 91 சுற்றுகள் மிதிக்க வேண்டும். செய்யும் வேலையின் மொத்த அளவு ஒன்றே. அது சிறுசிறு பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. சமநிலத்தில் இதற்கு ஒரு விலையும் உண்டு. நிமிடத்திற்கு 60 சுற்று மிதிப்பவர் 18 பற்களுடன் மணிக்கு 19 கிலோமீட்டர் செல்வார்; 22 பற்களுடன் ஏறக்குறைய 16 கிலோமீட்டரே செல்வார். ஆகையால் கிள்ளான் போன்ற சமநிலத்தில் ஓடும் வண்டிக்கு 18 பற்களே தகும். மேடும் பள்ளமும் கலந்த பாதைக்கு 20 பற்களும், நாள்தோறும் சுமையுடன் மேடேறுவோர்க்கு 22 பற்களும் பொருந்தும்.

சக்கரம் சிறிதாயின் கணக்கு வேறாகும். ரயிலில் எடுத்துச் செல்வதற்காகச் சிலர் வாங்கும் 20 அங்குல மடக்கு மிதிவண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டரே உருளும். அதனாற்றான் அத்தகைய வண்டிகளில் முன்னால் 52 போன்ற மிகுந்த பற்களும் பின்னால் குறைந்த பற்களும் வைக்கப்படுகின்றன. பெரிய வண்டியின் எண்களை அப்படியே மடக்கு வண்டிக்குக் கொள்ளுதல் தவறு.

பந்தய வீரர்களும் செய்தனர்

பல்லை மாற்றுவது உடல்வலு குறைந்தோரின் வேலை என்று இளைஞர் சிலர் கருதுவதுண்டு. உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில், ஓடும்போதே பல் மாற்றும் கருவிக்கு 1937ஆம் ஆண்டு வரையில் அனுமதியில்லை. அக்காலத்து வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்தியிருந்தனர். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிய பின்னரே மலை ஏறினர்.

நம் நாட்டின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றவர். 2017இல் கெய்ரின் போட்டியில் உலக வெற்றியாளரானவர். அவர் ஓட்டும் ஓடுதள மிதிவண்டிக்கு ஒரே ஒரு வேகந்தான் உண்டு. அவ்வகை வண்டியில் எத்தனை பற்கள் வைப்பது என்பதைப் பந்தயத்திற்கு முன்னரே கணக்கிட்டு முடிவு செய்தாக வேண்டும்.

எதனை மாற்றுவது?

முன் பற்சக்கரத்தைச் சிறிதாக்கினாலும் பின்னதைப் பெரிதாக்கினாலும் விளைவு ஒன்றே. ஆனால் பழைய வண்டிகளில் முன் பற்சக்கரம் வலப்புற மிதித்தண்டோடு பிணைந்தது. அத்தண்டை அச்சோடு இறுக்குவது காட்டர் பின் எனப்படும் ஆப்பு. பல ஆண்டுகள் துருவேறிய அந்த ஆப்பைச் சுத்தியால் அடித்துக் கழற்றும்போது அது வளைவதும், உள்ளிருக்கும் குண்டுகள் கெடுவதும் உண்டு. ஆகவே வீட்டில் செய்வோர் பின் பற்சக்கரத்தை மாற்றுவதே நன்று.

கடைக்குச் செல்லுமுன் நான்கு செய்திகளைத் தாளில் குறித்துக்கொள்க. முதலாவது, முன்னும் பின்னும் உள்ள பற்களின் எண்ணிக்கை. ஒரு பல்லில் சுண்ணாம்புக் குறியிட்டு எண்ணினால் பிழை நேராது. இரண்டாவது, சங்கிலியின் வகை. ஒற்றை வேக வண்டிக்குரிய சங்கிலி அகலமானது, பல வேக வண்டிக்குரியது மெல்லியது. மூன்றாவது, பின் பற்சக்கரத்தின் முகப்பில் உள்ள வெட்டுகள் இரண்டா நான்கா என்பது. கழற்றும் கருவி அதற்கேற்ப வேறுபடும். நான்காவது, சங்கிலி மூடியினுள் பெரிய பற்சக்கரத்திற்கு இடமுண்டா என்பது. இயலுமாயின் பழைய சக்கரத்தையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நன்று.

கழற்றும் முறை

பின்னோக்கி மிதித்தால் தடையின்றிச் சுழலும் பற்சக்கரத்தைக் கடைகளில் பிரீவீல் என்பர். அது சக்கரக்குடத்தின் மரையில் திருகப்பட்டது. நாம் மிதிக்குந்தோறும் அது மேலும் இறுகுவதால், ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியில் அதனை வெறுங்கையால் அசைக்க முடியாது. முதல்நாள் மாலையே மரையின் ஓரத்தில் மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றி, வலப்புற அச்சு நட்டை எடுத்துவிட்டு, கழற்றும் கருவியை வெட்டுகளில் சரியாகப் பொருத்துக. பின்னர் அந்த நட்டை மீண்டும் மாட்டி, கருவி நழுவாதபடி மட்டாக இறுக்குக. இதைச் செய்யாது விடுவோர் வெட்டுகளைச் சிதைத்துவிடுவர். சிதைந்தபின் பற்சக்கரத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கருவியைப் பட்டறை வைஸில் பிடித்து, சக்கரத்தைப் படுக்கை நிலையில் வைத்து, இரு கைகளாலும் டயரைப் பற்றி, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்புக. இறுக்கம் விட்டதும் நிறுத்தி, நட்டைத் தளர்த்திவிட்டுப் பின் தொடர்க. வைஸ் இல்லாதவர் நீண்ட பிடியுள்ள ஸ்பேனரைப் பயன்படுத்தலாம். அதற்கும் அசையாவிடில், கடைக்காரரிடம் கொடுத்து அவ்வொரு வேலையை மட்டும் செய்துகொள்வதில் இழிவொன்றுமில்லை.

புதிய பற்சக்கரத்தைப் பொருத்துமுன் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவுக. தொடக்கச் சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். கோணலாக ஏறிய மரையை ஸ்பேனரால் வலிந்து திருப்பினால் சக்கரக்குடமே வீணாகிவிடும். இறுதி இறுக்கத்தை மிதிக்கும் காலே தந்துவிடும்.

சங்கிலியின் நீளம்

சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி அரை அங்குலம். பற்சக்கரத்தின் சுற்றில் பாதியளவையே சங்கிலி தழுவுவதால், நான்கு பற்கள் கூடினால் ஓர் அங்குலச் சங்கிலி கூடுதலாக வேண்டும். ஓர் அகலக் கண்ணியும் ஓர் ஒடுங்கிய கண்ணியும் சேர்ந்ததே அந்த ஓர் அங்குலம். இதனைச் சேர்த்துவிட்டால் பின்சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டு பற்கள் மட்டும் கூட்டுவோர்க்குப் புதிய கண்ணி தேவைப்படாமலும் போகலாம். சக்கரம் கால் அங்குலம் முன்னே நகர்ந்தால் போதும். சட்டத்தின் பிளவில் அதற்கு இடமிருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்க.

பழைய சங்கிலியைத் தொடர்வதா என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும். இழுத்துப் பிடித்த புதிய சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அந்த அளவு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். தேய்ந்த சங்கிலி புதிய பற்களையும் விரைவில் தேய்த்துவிடும். மேடேறும்போது பல்லைத் தாண்டிக் குதித்து ஓட்டுபவரைத் தள்ளியும்விடும். இணைப்புக் கண்ணியின் பூட்டுக் கம்பியை மாட்டும்போது, அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் அவசியம்.

சங்கிலியை மாட்டியபின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் அரை அங்குலம் ஆட்டம் இருக்க வேண்டும். மிதியை மெல்லச் சுற்றி, சங்கிலி மிகவும் இறுகும் இடத்தில் இதனைச் சோதிக்க வேண்டும்.

பிரேக்கை மறவாதீர்

இந்த வேலையில் உயிருக்கு இடர் தரக்கூடிய இடம் இதுவே. பின்சக்கரம் சற்று முன்னே நகர்ந்தாலும் பிரேக் கட்டைகள் சக்கர விளிம்பில் படும் இடம் மாறிவிடும். கட்டை டயரில் உரசினால் டயர் வெடிக்கும்; விளிம்புக்கு வெளியே நழுவினால் வண்டி நிற்காது. ஆகவே கட்டைகளைத் தளர்த்தி, விளிம்புக்கு நேராக மீண்டும் பொருத்த வேண்டும். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் வகை வண்டியில், சக்கரக்குடத்திலிருந்து நீளும் இரும்புக் கை சட்டத்தோடு திருகாணியால் பிணைக்கப்பட்டுள்ளது. அத்திருகாணியை மாட்டாது விட்டால், முதன்முறை பிரேக் போடும்போதே அக்கை சுழன்றுவிடும். அதன்பின் அந்தப் பிரேக்கை நம்ப முடியாது. மேட்டில் ஏறியவர் இறங்கியும் ஆகவேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

மூன்று வேக வண்டியும் பல வேக வண்டியும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம், 1936இல் ஏ.டபிள்யூ என்னும் மூன்று வேகச் சக்கரக்குடத்தை வெளியிட்டது. அது பொருத்தப்பட்ட வண்டி வைத்திருப்போர்க்கு வேலை மிக எளிது. பெரும்பாலும் அதன் பற்சக்கரம் மரையில் ஏறியதன்று. மூன்று முனைகளால் பொருந்தி, ஒரு வளையக் கம்பியால் மட்டும் பிடிக்கப்பட்டுள்ளது. சக்கரத்தைக் கழற்றுமுன் அச்சினுள் செல்லும் சிறு சங்கிலியைத் திருகி எடுத்துவிட வேண்டும். பின்னர் வளையக் கம்பியைச் சிறு திருப்புளியால் நெம்பி எடுத்தால் பற்சக்கரம் கையோடு வரும். கம்பி தெறிக்கக் கூடுமாதலால் முகத்தை விலக்கிக்கொள்க.

இக்குடத்தில் முதல் வேகம் நடுவேகத்தில் முக்கால் பங்கு. மூன்றாவது வேகம் நடுவேகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 18 பற்களுக்குப் பதில் 22 பற்கள் வைத்தால், ஒரு சுற்றுக்கு முறையே 3.3, 4.4, 5.9 மீட்டர் கிடைக்கின்றன. மேட்டுக்கு மிக இலகுவான முதல் வேகம் கிடைப்பதோடு, சமநிலத்திற்குப் பழைய நடுவேகத்தைவிடச் சற்று மிகுந்த மூன்றாம் வேகமும் கையிலிருக்கிறது. மாட்டியபின் நெம்புகோலை இரண்டாம் வேகத்தில் வைத்து, அச்சு நட்டின் துளை வழியே பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் தண்டின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்கும்படி கம்பியைச் சீர்செய்க.

இன்று பலரிடமுள்ள பல வேக வண்டிகளிலோ பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. முன்னால் மூன்று பற்சக்கரங்களுள்ள வண்டிகள் சிலவற்றில் மிகச் சிறியது 24 பற்களும், பின்னால் மிகப் பெரியது 28 பற்களும் கொண்டிருக்கும். அவ்விரண்டும் சேர்ந்தால் எந்த மேட்டுக்கும் போதும். இழுகம்பி துருப்பிடித்துச் சங்கிலி நகராமையே அங்குப் பெரும்பாலும் குறை. முதலில் கம்பியைப் புதுப்பித்துப் பாருங்கள். அதன் பின்னும் பெரிய பற்சக்கரம் வேண்டுவோர், சங்கிலியை நகர்த்தும் கருவி எத்தனை பற்கள் வரை தாங்கும் என்பதைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும். சங்கிலி குறைவாயிருந்தால், முன்னும் பின்னும் பெரிய சக்கரங்களுக்கு அது ஏறும்போது அக்கருவியே முறிந்து சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கும்.

முடிவாக

வேலை முடிந்ததும் உடனே சாலையில் இறங்கலாகாது. அச்சு நட்டுகளை இருபுறமும் இறுக்கி, சக்கரம் சட்டத்தின் நடுவே சுழல்கிறதா என்று பார்த்து, வீட்டின் முன்னால் மெல்ல ஓட்டி, இரு பிரேக்குகளையும் பலமுறை சோதித்த பின்னரே வெளியே செல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து நட்டுகளையும் சங்கிலியின் ஆட்டத்தையும் மறுபடி பார்ப்பது நன்று.

நாம் முன்னர்க் கூறிய அன்பர், ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் இவ்வேலையைச் செய்துவிடலாம். செலவாவது ஒரு பற்சக்கரமும் ஓர் அங்குலச் சங்கிலியும். கழற்றும் கருவியை அண்டை வீட்டார் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் பங்சார் மேட்டில் அவர் முன்னினும் மெல்லவே ஏறுவார். ஆனால் இருக்கையில் அமர்ந்தபடியே ஏறுவார். அதன் பின்னும் முழங்கால் வலி நீங்காவிடில் மருத்துவரைக் காண்பதே முறை. வலி குறைந்துவிடுமாயின், வயதைப் பற்றிய கவலையும் மோட்டார் சைக்கிள் தவணையைப் பற்றிய எண்ணமும் சிலகாலம் ஒத்திவைக்கத் தக்கவையே. மிதிவண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இன்று மாலையே தத்தம் வண்டியின் பற்களை எண்ணிப் பார்ப்பார்களாக.